புகை காணாத சுங்கானைப் பற்ற வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழம்பொருள் சேகரிப்போரைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பித்தளைப் பாத்திரம், சுவர்க் கடிகாரம், கிராமபோன் என்று பலவற்றையும் நன்றாகவே எழுதிவந்த கட்டுரையாளர், புகைபிடிக்கும் சுங்கான்களை, அதாவது பைப்புகளைப் பற்றிய பத்தியில் மட்டும், ஒரு முறைகூடப் பற்ற வைக்காத சுங்கானைப் பெட்டியில் பூட்டி வைப்பது கஞ்சத்தனம் என்றும், செய்தவன் எதற்காகச் செய்தானோ அதற்கு அதைப் பயன்படுத்துவதே அவனுக்குச் செய்யும் மரியாதை என்றும் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட சுங்கான்கள் ஐந்து இருந்தன. இப்போது நான்குதான் இருக்கின்றன. ஐந்தாவது இதே எண்ணத்தால்தான் பாழானது. ஆகையால் அந்தப் பத்திக்கு மறுப்பு எழுதும் கடமை எனக்கு இருப்பதாகக் கருதுகிறேன்.

என் வாப்பா கொழும்புக் கோட்டைப் பகுதியில், தேயிலைத் தோட்டத்துத் துரைமார் சாமான் வாங்க வரும் ஒரு கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர். 1958-இல் அந்தக் கடையை மூடியபோது, பின்னறை அலமாரியில் விற்காமல் கிடந்த சரக்கில் கொஞ்சத்தைச் சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஒரு தேக்குப் பெட்டியும், அதற்குள் ஐந்து சுங்கான்களும் இருந்தன. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடிச் சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டி, பாம்பன் பாலத்தின் வழியே ரயிலில் இராமநாதபுரம் வந்து சேர்ந்து, அங்கிருந்து பேருந்தில் கீழக்கரைக்கு வந்த கதையை வாப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே கடலோடு போன பிறகு அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். வாப்பா புகைத்ததில்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. ஆனால் கணக்கெழுதியவருக்கு உரிய ஒழுங்கோடு, ஒவ்வொரு சுங்கானிலும் நூலால் கட்டியிருந்த விலைச்சீட்டை அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அந்த ஐந்தில் மூன்று, பிரையர் என்னும் கட்டையில் கடைந்தவை. மத்தியதரைக் கடலோர நாடுகளில் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்மரம் வளர்கிறது. அதன் தண்டுக்கும் வேருக்கும் இடையில் மண்ணுக்குள் பருத்துக் கிடக்கும் முண்டுதான் பிரையர். அந்த முண்டு தேறுவதற்கே பல பத்தாண்டுகள் ஆகும். தோண்டியெடுத்து, துண்டு போட்டு, அதிலுள்ள சாறும் துவர்ப்பும் இறங்கும்படி மணிக்கணக்கில் வேகவைத்து, பிறகு மாதக்கணக்கில், சில பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில், நிழலில் உலர்த்தித்தான் கடைசல் வேலைக்கு எடுப்பார்கள். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோட் என்ற ஊரில் 1850-களில் தொடங்கிய இந்தத் தொழில், களிமண் சுங்கானின் காலத்தை ஐரோப்பாவில் முடித்து வைத்தது. வேறு பல மரங்கள் என்றால் உள்ளே எரியும் நெருப்பில் தாமும் எரிந்துபோகும். பிரையர் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது என்பதுதான் அதன் பெருமை.

மூன்றில் ஒன்றன் கழுத்தில் வெள்ளிப் பூண் போட்டிருக்கிறது. பூணின் மேல் அரிசியளவு கூட இல்லாத மூன்று முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. நடக்கும் சிங்கம் ஒன்று. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு இங்கிலாந்தில் இடும் அடையாளம் அது. நங்கூரம் ஒன்று, பர்மிங்காம் நகரின் சோதனைச் சாலைக்கு உரியது. மூன்றாவது ஓர் எழுத்து. ஆண்டுக்கு ஓர் எழுத்தாக மாறிவரும் அதை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 1921 என்று தெரிந்தது. இதைவிட எனக்கு வியப்பூட்டுவது புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் உட்புறம். ஜன்னலோரம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உள்ளே நோக்கினால், வெந்து உலர்ந்த மரத்தின் இளஞ்சிவப்பும், துரப்பணம் சுழன்று இறங்கியபோது விட்ட மெல்லிய வட்டக் கோடுகளும், அடியில் புகை செல்லும் துளையின் விளிம்பில் உளி எடுக்காமல் விட்ட ஒரு சிறு பிசிறும் தெரியும். நூறாண்டுக்கு முன் ஒரு தொழிலாளி தன் வேலையை முடித்துக் கையை எடுத்த நொடி அது. புகைத்த சுங்கான் எதிலும் இதைக் காண முடியாது. பத்தாயிரம் சுங்கான்கள் சேர்த்தாலும் காண முடியாது, ஏனென்றால் முதல் முறை பற்ற வைத்தவுடன் இந்தக் கோடுகள்மேல் கரி படிந்துவிடும். பிறகு அந்தக் கரியைச் சுரண்டினால் கோடுகளும் சேர்ந்தே போய்விடும்.

இப்போது ஐந்தாவதன் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் ஒரு திருமணம். வளைகுடா நாட்டிலிருந்து வந்திருந்த நெருங்கிய உறவுக்காரத் தம்பி ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, இப்படிப் பூட்டி வைத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். நான் பந்தியில் நின்றிருந்த நேரத்தில், பூணில்லாத பிரையர் சுங்கான் ஒன்றை எடுத்து, விளிம்பு வரை புகையிலையை அடைத்து, லைட்டரால் பற்ற வைத்துவிட்டார். பத்து நிமிடம்கூட அவர் புகைத்திருக்கமாட்டார். அதற்குள் விளிம்பில் ஒரு பக்கம் கருகியது. உட்சுவரில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் மேலிருந்து பாதி வரை இறங்கியது. நல்ல மனிதர், கண் கலங்க மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. பயன்படுத்துவதுதான் மரியாதை என்ற அந்த எண்ணத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

ஏன் வெடித்தது என்பதையும் சொல்கிறேன், இயற்பியல் ஆசிரியனாக இருந்தவன் என்பதால். புதுச் சுங்கானைப் பழக்கும் முறை தெரிந்தவர்கள் முதலில் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரப்புவார்கள். மெதுவாக, சூடேறாமல், பல நாள் அப்படிப் புகைத்துப் பிறகே அளவைக் கூட்டுவார்கள். அதற்குள் உட்சுவரில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குக் கரி படிந்து, மரத்துக்கும் தணலுக்கும் இடையே கவசமாக நிற்கும். புகை காணாத சுங்கானுக்கு அந்தக் கவசம் கிடையாது. கட்டைக்குள் ஒளிந்திருக்கும் பொத்தலும் கீறலும் எங்கே இருக்கின்றன என்று செய்தவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது, நெருப்புப் பட்ட பிறகுதான் அவை வெளியே வரும். ஆகவே, புகைப்பதற்கென்றே ஒருவர் பழைய சுங்கானைத் தேடுகிறார் என்றால் அவருக்கு மிகவும் பொருந்தாதது இந்தப் புகை காணாத சுங்கான்தான். யாரோ ஒருவர் ஏற்கெனவே பழக்கி வைத்த, கரி படிந்த சுங்கான் அவருக்கு எல்லா வகையிலும் மேல், விலையும் குறைவு, உலகில் அவற்றுக்குப் பஞ்சமும் இல்லை.

பயன்படுத்தாத பொருள் கெட்டுப்போகும் என்று சொல்பவர்கள் எங்கள் கரையில் நிறையப் பேர் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்தைக் கோடை முழுதும் கடலில் இறக்காமல் விட்டால் பலகைகள் காய்ந்து இணைப்பு விடும். மறுபடி இறக்கும்போது தண்ணீர் உள்ளே வரும். இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சும்மா இருக்கும் மரம் எல்லாம் வீணாகும் மரம் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் வள்ளத்தின் பலகை தண்ணீரில் ஊறிப் பருத்தே இணைப்பை அடைக்கிறது. அதற்கு ஈரம் வேண்டும். பிரையரோ வெந்து, உலர்ந்து, இனி ஒன்றும் வேண்டாம் என்ற நிலைக்கு வந்த பிறகே சுங்கானாகிறது. அது புகைக்காகக் காத்திருந்து வாடுவதில்லை. எங்கள் வீட்டில் மிஞ்சிய பிரையர் இரண்டும் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக்காற்றில், அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தும் மரம் மாறவில்லை.

கட்டுரையாளரின் வாதத்துக்கு ஓரளவு இடம் இருக்கிறதென்றால், அது மீர்ஷாம் சுங்கான் ஒன்றில்தான். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடல்நுரை என்று பொருள். துருக்கியின் எஸ்கிஷெஹிர்ப் பகுதியில் நிலத்தடியில் வெட்டியெடுக்கும் வெண்மையான மென்கனிமம் அது. உலர்ந்த கட்டி நீரில் மிதக்கும். அதன் அறிவியல் பெயரான செபியோலைட் என்பது கணவாய் ஓட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் கரையில் ஒதுங்கும் அதே கணவாய் ஓட்டை நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்றுதான் விற்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, எங்கோ துருக்கியில் வெட்டிய அந்தக் கல் எங்கள் ஊர்ப் பொருளைப் போலவே எனக்குத் தோன்றுகிறது. நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல், புகைக்கப் புகைக்க எண்ணெயையும் சாற்றையும் உறிஞ்சி, வெண்மையிலிருந்து பொன்னிறமாகி, பிறகு தேன் நிறமாகி, கடைசியில் கரும்பழுப்பாகும். அந்த நிறமாற்றத்துக்காகவே அக்காலத்தில் அதை வாங்கிப் பொறுமையோடு பழக்கினார்கள். எனவே மீர்ஷாமைப் பொறுத்தவரை, புகைத்தால்தான் அது முழுமை பெறும் என்று யாராவது சொன்னால் நான் வாதாடமாட்டேன். ஆனாலும் எங்கள் வீட்டு மீர்ஷாமை நான் பற்ற வைக்க விடமாட்டேன். அதன் அடிப்பக்கத்தில், பெருவிரல் அகலத்துக்கு, ஒரு மஞ்சள் திட்டு இருக்கிறது. பெருநாளைக்கு வீட்டுச் சாமான்களையெல்லாம் துடைத்து வைத்த உம்மா, இதுவும் பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்த இடம் அது. கல் உறிஞ்சிக்கொண்டது. புகைத்தால் மொத்தமும் பழுப்பாகி அந்தத் திட்டு மறைந்துவிடும். உம்மாவின் கைபட்ட இடம் மறைய வேண்டாம்.

நான் புகை காணாதவற்றுக்காக மட்டும் பேசுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. என் சாச்சா கப்பலில் வேலை பார்த்தவர். வாழ்நாள் முழுதும் ஒரே ஒரு சுங்கானில் புகைத்தவர். அதன் வாய்ப்பகுதியில் இடது பக்கம் அவருடைய பல் பதிந்த பள்ளம் இருந்தது. விளிம்பில், கப்பலின் இரும்புக் கம்பியில் தட்டித் தட்டிச் சாம்பலைக் கொட்டியதால் ஏற்பட்ட தழும்பு இருந்தது. அவர் வாய்ப்புற்று வந்து இறந்தார். சுங்கான் பிடிப்பவர்களின் உதட்டில் புற்று அதிகமாக வருகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதியிருக்கிறார். புகையை உள்ளே இழுக்காவிட்டால் தீங்கில்லை என்று சாச்சா கடைசி வரை நம்பியிருந்தார். தங்கள் கட்டுரை, பழைய சுங்கானில் புகைப்பதைப் பண்பாடு போலக் காட்டிய இடத்தில் இந்த ஒரு வரியையாவது சேர்த்திருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

சாச்சாவின் மறைவுக்குப் பிறகு, அவர் வீட்டார் அந்தச் சுங்கானை வேற்றூர்ப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து அதே கடையில் அதை நான் பார்த்தேன். உட்கரி முழுவதையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாய்ப்பகுதியின் பல்தடத்தையும் அராவி எடுத்து, மெருகேற்றி, புகைக்கப்படாதது என்று எழுதிய அட்டையோடு கண்ணாடிப் பேழையில் வைத்திருந்தார்கள். விளிம்பில் இருந்த தழும்பை மட்டும் அவர்களால் எடுக்க முடியவில்லை. அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். என் சாச்சாவின் நாற்பது ஆண்டு வாழ்க்கையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் நடக்காத ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அன்று நான் பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தேன்.

புகைத்த சுங்கான் யார் பயன்படுத்தினார்கள், எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சாட்சி. புகை காணாத சுங்கான் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குச் சாட்சி. இரண்டும் வேண்டும். ஒன்றை அழித்து மற்றொன்றாக மாற்ற யாருக்கும் உரிமையில்லை என்பதே என் வாதம். உடைத்து எறிந்த சுங்கான்கூடப் பேசும். 1954-இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், குப்பையில் கிடைக்கும் களிமண் சுங்கான் தண்டுகளின் துளையை அளந்து, பழைய காலத்தவற்றில் துளை பெரிதாகவும் பிற்காலத்தவற்றில் சிறிதாகவும் இருப்பதைக் காட்டினார். அந்த அளவை வைத்தே குடியிருப்புகளின் காலத்தைக் கணிக்கும் வழி பிறந்தது. அழகன்குளத்தில் உடைந்த பானை ஓடுகளிலிருந்து ரோமானிய வணிகத்தைப் படித்தறிந்த மாவட்டத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வாங்குகிறவர்கள் ஏமாறாமலிருக்க ஒன்றிரண்டு சொல்கிறேன். புகைக்கப்படாதது என்று சொல்லி விற்கும் சுங்கானின் கிண்ணத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். கரி சுரண்டப்பட்ட கிண்ணத்தின் வாய் சற்றே அகன்று, சுவர் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். அடியில் புகை செல்லும் துளைக்குள் உப்புத்தாள் எட்டாது. பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை எரிசாராயத்தில் நனைத்து அதற்குள் விட்டு எடுங்கள்; பழுப்பாக வந்தால் அது புகைத்தது. மூக்கருகே வைத்து மணந்தும் பார்க்கலாம். எத்தனை ஆண்டு ஆனாலும் புகையிலை மணம் கட்டையை விட்டு முழுதாகப் போவதில்லை.

வைத்துக் காப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். பழைய சுங்கான்களின் கறுப்பு வாய்ப்பகுதி பெரும்பாலும் எபோனைட். பள்ளி ஆய்வகத்தில் கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கச் செய்வோமே, அதே பொருள்தான். ரப்பரில் கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்தியது. வெயில் பட்டால் அது பச்சை கலந்த பழுப்பாக மாறும். கந்தக நெடியும் வரும். அந்தக் கந்தகமே பக்கத்திலிருக்கும் வெள்ளிப் பூணைக் கறுக்க வைக்கிறது. எனவே வாய்ப்பகுதியைக் கழற்றித் தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி, வெளிச்சம் புகாத மரப்பெட்டியில் வைப்பது நல்லது. பூணைப் பொடி போட்டுத் துலக்கினால் முத்திரை தேய்ந்துவிடும். மென்மையான உலர்ந்த துணி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை வேண்டாம், அதன் வாடையைக் கட்டையும் கல்லும் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப அந்தச் சட்டம் இடம் தரவில்லை. இணையத்தில் வெளிநாட்டுக்காரர் விலை கேட்கிறார் என்று முன்பின் பாராமல் அஞ்சலில் அனுப்ப நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி எனக் கொழும்போடும் ரங்கூனோடும் பினாங்கோடும் தொழில் செய்த குடும்பங்கள் இந்தக் கரை நெடுகிலும் இருக்கின்றன. மச்சிலும் பரணிலும் இன்னும் திறக்காத பெட்டிகள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றில் ஒரு சுங்கான் கிடைத்தால், அதைப் பற்ற வைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், கிடைத்த நிலையிலேயே வெளிச்சத்தில் வைத்து உள்ளும் புறமும் படமெடுத்து, யார் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு கொண்டுவந்தது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதனோடு வைத்துவிடுங்கள். கேட்கக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தப் பூண் போட்ட சுங்கானின் விலைச்சீட்டுக்குப் பின்புறம் வாப்பா பென்சிலால் ஒரு தேதியும் அதற்குப் பக்கத்தில் ஒரு பெயரின் முதலெழுத்தும் எழுதியிருக்கிறார். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வராத வாடிக்கையாளராக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். வாப்பா இருந்தபோது நான் அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.